ஒரே டிஸ்க்கில் ஒரு கல்யாணம்

சென்ற இதழில் பட்டுப் புடவைகளை மடிப்பு மாற்றி வைப்பது பற்றி எழுதியிருந்தேன், இல்லையா? ஊருக்கு உபதேசம் செய்தால் போதுமா, நாமும் செய்ய வேண்டாமா என்று பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில், கூறைப் புடவைக்குக் கீழே, அந்தக் கறுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. 2002-ல் மாயவரத்தில் நடந்த எங்கள் கல்யாணத்தின் வீடியோ கேசட்! ஒரே கேசட், முழுசாக மூன்று மணி நேரம். எங்கள் வீட்டு கேசட் பிளேயர் பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போய்ப் பல வருஷமாகிறது. அதற்கப்புறம் அந்தக் கல்யாணத்தை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

“அத்தை, நம்ம வீட்டுக் கல்யாண கேசட் கிடைச்சிருக்கு” என்றேன். ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார்.

“அப்படியா? மாமா இருப்பாரே அதுல” என்றார்.

என் மாமனார் 2007-ல் தவறிவிட்டார். போட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் நடமாடுகிற மாதிரி, பேசுகிற மாதிரி அவரை வைத்திருப்பது இந்த ஒரு கேசட்தான். அந்தக் காலத்தில் கையில் இருந்த போனில் வீடியோ ஏது?

அன்றே முடிவு செய்துவிட்டேன், இதை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிடுவது என்று. அதிலும் ஒரே டிஸ்க்கில். காரணம் சொல்கிறேன். அத்தைக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. டிஸ்க்கின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் எங்கள் வீட்டு டி.வி.டி. பிளேயர் அவருக்கு மனப்பாடம். பொத்தானைத் தடவி அழுத்துவார், தட்டு வெளியே வரும், டிஸ்க்கை வைத்துத் தள்ளிவிடுவார். ஒன்று என்றால் குழப்பமில்லை. இரண்டு மூன்று என்றால் எது முதல், எது இரண்டாவது என்று என்னைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அப்படிப்பட்ட சுபாவம்.

“பென் டிரைவில் போட்டு டி.வி.யில் செருகிவிட்டால் போயிற்றே” என்று இவர் சொன்னார். சொல்லலாம். டி.வி. திரையில் வரிசையாக வரும் எழுத்துகளைப் படித்து ரிமோட்டில் தேர்ந்தெடுப்பது யார்? தட்டில் டிஸ்க்கை வைப்பது கைப்பழக்கம். அதற்குக் கண் தேவையில்லை.

கடைத்தெருவில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைப் பையன் நல்ல மாதிரிதான் பேசினான்.

“மூணு மணி நேரம் ஒரு டிஸ்க்குல வராதும்மா. ரெண்டு மணி நேரம்தான். ரெண்டு டிஸ்க்கா போட்டுடவா?”

“வேண்டாம்ப்பா, ஒண்ணாத்தான் வேணும்” என்றேன்.

“அப்போ வேண்டாததை வெட்டிடலாம். பந்தி, சும்மா ஜனங்க உட்கார்ந்திருக்கறது, சாமான் வரிசை… இதெல்லாம் இப்ப யாரும்மா பார்க்கறாங்க?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன்! பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கும் அந்த நிமிஷத்தில் தோன்றியது. முகூர்த்தம் இருந்தால் போதாதா?

நாலு நாள் கழித்து டிஸ்க் வந்தது. படம் பளிச்சென்று இருந்தது. அத்தை டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். பார்த்தார் என்பதைவிடக் கேட்டார் என்று சொல்ல வேண்டும். முடிந்ததும், “பந்தி வரலியேம்மா?” என்றார்.

“அது கொஞ்சம் விட்டுப்போச்சு அத்தை.”

“பரவாயில்ல. இதுவே பெரிசு.”

மறுநாளும் போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, “அந்தப் பந்தி கேசட்டுல இருக்குமா, இல்ல அழிஞ்சுருச்சா?” என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

நல்லவேளை, கேசட்டைக் கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்திருந்தேன்! சகோதரிகளே, இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வந்துவிட்டதே, இனி எதற்கு இது என்று கேசட்டைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள்.

அக்கா மகன் இஞ்சினீயரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். அவனிடம் சொன்னேன். “கொண்டா சித்தி, நாமே பண்ணிடலாம்” என்றான். பிளேயருக்கு எங்கே போவது? புது கேசட் பிளேயர்கள் இப்போது எங்குமே தயாராவதில்லை. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. தெரிந்தவர் வீட்டில் ஒன்று துணி போர்த்திப் பூஜை அறைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. இரவல் வாங்கி வந்தான்.

முதல் வேலையாக கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே நாடாவைப் பார்த்தோம். ஊறுகாயில் பூசணம் பூத்தாற்போல வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அதைப் பிளேயரில் போடவே கூடாது. நாடா அறுந்துபோகலாம், பிளேயரின் உள்ளே படம் படிக்கும் தலையும் கெட்டுவிடும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு, மறுபடி முதலுக்குச் சுற்றிக்கொண்டோம். பல வருஷம் அசையாமல் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் இளகிவிடும்.

பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சின்னக் கருவி வழியாக மஞ்சள் ஒயரும் வெள்ளை ஒயரும் போயின. மஞ்சள் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. மூன்று மணி நேரப் படம் ஏற மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. அரைக்கிற வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடம் ஆனபோது பந்தி வந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பாயச வாளியோடு வரிசையில் வருகிறார். யாரோ இலையை மறைக்கிறார்கள், சிரிக்கிறார்கள். வீடியோக்காரர் அவர் பின்னாலேயே போகிறார். பந்தியின் கோடியில் மாமா சட்டென்று திரும்பி, படத்தில் தெரியாத யாரையோ பார்த்து, “ஏய், நீ சாப்பிட்டியா?” என்கிறார். பதிலாக ஒரு பெண் குரல், “ஆச்சு, ஆச்சு, நீங்க அங்க பாருங்க” என்கிறது. அவ்வளவுதான். இரண்டு மூன்று விநாடி.

அந்தப் பெண் குரல் என் அத்தையுடையது.

மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். “இப்ப யாரும்மா பார்க்கறாங்க” என்று அந்தப் பையன் கேட்டபோது தலையாட்டினேனே, அந்தத் தலையாட்டலில் போனது இதுதான்!

சரி, இனி வேலைக்கு வருவோம். மூன்று மணி நேரத்தை ஒரு விநாடி கூட வெட்டாமல் ஒரே டிஸ்க்கில் எப்படி ஏற்றுவது?

கம்ப்யூட்டரில் ஏறிய படம் சுமார் 40 ஜிபி இருந்தது. சாதாரண டி.வி.டி. டிஸ்க் கொள்வது 4.7 ஜிபி. அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்று காட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது. பொருள் ஒன்றுதான், படிதான் வேறு.

முதல் தடவை அக்கா மகன், “பாட்டிக்குக் குரல்தானே முக்கியம்? ஒலியை ஒண்ணும் சுருக்காம அப்படியே வைக்கிறேன் சித்தி” என்றான். நானும் சரியென்றேன். டிஸ்க் தயாரானது. மூன்று மணி நேரமும் இருந்தது. ஆனால் படம்! மணமேடையில் பூத் தூவும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாகக் கோலப் புள்ளி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அட்சதை விழுந்து முடிந்த பிறகுதான் என் முகமே எனக்குத் தெரிந்தது!

“ஏன்டா இப்படி?” என்றேன். அவன் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னான். எனக்குப் புரியவில்லை. “எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சித்தி, இது மாசச் சம்பளம் மாதிரி” என்றான். அதற்கப்புறம் எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

டிஸ்க்கின் கொள்ளளவு, மாதச் சம்பளம். அது கூடாது, குறையாது. படத்தின் விநாடிகள், மாதத்தின் நாட்கள். ஒரு விநாடிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதுதான் கணக்கு. கம்ப்யூட்டர்காரர்கள் அதைக் கிலோபிட்டில் சொல்கிறார்கள். ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

4.7 ஜிபியில் விளிம்பு வரை நிரப்பாமல் 4.4 ஜிபி என்று எடுத்துக்கொண்டோம். எண்ணெய் டின்னைக் கழுத்து வரையா ஊற்றுவோம்? 4.4 ஜிபி என்பது 3 கோடியே 52 லட்சம் கிலோபிட். மூன்று மணி நேரம் என்பது 10,800 விநாடி. வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 3,260 வருகிறது. இதற்குள்தான் படமும் ஒலியும் குடித்தனம் நடத்த வேண்டும்.

அவன் சுருக்காமல் வைத்த ஒலி என்ன சாப்பிட்டது தெரியுமா? விநாடிக்கு 1,536! சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி வீட்டு வாடகைக்கே போன மாதிரி. மீதியில் படம் என்ன சாப்பிடும்? பட்டினி கிடந்தது. அதுதான் கட்டம் கட்டமாக வந்தது.

டி.வி.டி.யில் டால்பி என்று ஒரு ஒலி வகை இருக்கிறது. அதற்கு விநாடிக்கு 192 போதும். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. “1,536 எங்கே, 192 எங்கே? எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் மாமா குரல் மாமா குரலாகவா இருக்கும்?” என்று அடம் பிடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே, பந்தி வருகிற இடத்தை இரண்டு விதமாகவும் செய்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினான். கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டேன். வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கேசட்டில் பதிந்ததே ஒற்றை மைக்கின் ஒலி. கூட்ட இரைச்சலோடு நாடாவில் பதிந்த குரலில் அதற்கு மேல் சுருக்கிக் கெடுக்க ஒன்றும் இல்லை. அரைப்படி அரிசியை அண்டாவில் போட்டு வைத்தால் அரிசி கூடிவிடுமா?

இன்னொரு விஷயமும் இதில் கவனித்தோம். முதலில் ஒலி இடது பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தது. வெள்ளை ஒயர் ஒன்றுதானே? அதை இரண்டு பக்கமும் வருமாறு மாற்றினான். வயதானவர்கள் ஒரு பக்கம் சாய்ந்து கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

ஆக, 3,260-ல் 192 போக 3,068. சில்லறைச் செலவுக்கு விட்டுவிட்டுப் படத்துக்கு 3,000 என்று வைத்தோம். போதுமா? கடைப் பையன் இரண்டு மணி நேரத்துக்குத்தானே கணக்குப் போட்டான்? அந்தக் கணக்கில் படத்துக்கு 4,600 கிடைக்கும். நமக்கு 3,000-தான். இங்கேதான் குடும்பப் பெண்ணின் சாமர்த்தியம் வேண்டும். வருமானம் கூடாதபோது செலவைப் பார்க்க வேண்டியதுதானே! மூன்று இடத்தில் செலவைப் பிடித்தோம்.

முதலாவது, படத்தின் அகலம். டி.வி.டி.யில் ஒரு படம் முழு அளவில் 720-க்கு 576 புள்ளிகள். டி.வி.டி. பிளேயர்கள் ஒப்புக்கொள்ளும் இன்னொரு அளவு 352-க்கு 576. அதாவது உயரம் அதே, அகலம் பாதி. டி.வி.யில் ஓடும்போது பிளேயரே அகலத்தை விரித்துக் காட்டிவிடும். அப்படியானால் தெளிவு போய்விடாதா? சினிமா டி.வி.டி. என்றால் போகும். பழைய கேசட்டில் அவ்வளவு நுணுக்கம் முதலிலேயே இல்லை. இல்லாத நுணுக்கத்துக்கு இடம் ஒதுக்குவானேன்? அகலத்தைக் குறைத்ததும் மீதியிருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இரட்டிப்புப் பங்கு கிடைத்தது. கட்டங்கள் மறைந்தன. ஆனால் உயரத்தை மட்டும் பாதியாக்கிவிடாதீர்கள். அப்புறம் நடப்பதும் கை அசைப்பதும் தெளிவில்லாமல் போகும்.

இரண்டாவது, பழைய நாடாவின் புள்ளி மழை. கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது புள்ளியா, அட்சதையா என்று தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் செலவழிக்கும். லேசாக வடிகட்டினால் நிறைய மிச்சமாகும். லேசாக என்பதை மறந்துவிடாதீர்கள். அதிகமானால் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். படத்தின் அடியில் ஆடிக்கொண்டே இருக்கும் கிழிசல் கோடு ஒன்று கேசட் படங்களில் உண்டு. அதன் மேல் மெல்லிய கறுப்புப் பட்டை போட்டு மூடினான். அசையாத கறுப்புக்குச் செலவே இல்லை.

மூன்றாவது, தினமும் ஒரே செலவு செய்யாமல் இருப்பது. தீபாவளி அன்றைக்கும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் ஒரே மாதிரியா செலவழிக்கிறோம்? சாஸ்திரிகள் உட்கார்ந்து மந்திரம் சொல்லும் இடத்தில் அசைவு குறைவு, கொஞ்சம் போதும். பூத் தூவுவது, பந்தி, ஊர்வலம் இதற்கெல்லாம் நிறைய வேண்டும். இதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், “இரண்டு முறை” என்பதைத் தேர்ந்தெடுத்தால். முதல் முறை படம் முழுவதையும் பார்த்து எங்கே செலவு அதிகம் என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை அந்தக் குறிப்பின்படி பங்கிட்டுச் சுருக்குகிறது. நேரம் இரட்டிப்பு ஆகும். ஆகட்டுமே! மாவு புளிக்கக் காத்திருப்பதில்லையா?

உங்கள் வீட்டுக் கேசட் எத்தனை நேரமோ, அதற்கான கணக்கு இதோ. ஒலிக்கு 192 ஒதுக்கியது போக, 4.7 ஜிபி டிஸ்க்கில் படத்துக்கு வைக்க வேண்டியது:

2 மணி நேரம் – 4,600
2½ மணி நேரம் – 3,600
3 மணி நேரம் – 3,000
4 மணி நேரம் – 2,200

வேறு நேரமானால், 3,52,00,000-ஐ மொத்த விநாடிகளால் வகுத்து, 192-ஐக் கழித்து, கொஞ்சம் குறைத்து வையுங்கள். இரண்டரை மணிக்கு மேல் போனால் பாதி அகலம் நல்லது. நாலு மணிக்கு மேல் என்றால் ஒரே டிஸ்க் என்ற ஆசையை விட்டுவிடலாம். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க்கும் உண்டு. விலை கூடுதல். ஒன்று வாங்கிப் பார்த்தோம், எங்கள் பழைய பிளேயர் அதைப் படிக்க மறுத்துவிட்டது. உங்கள் பிளேயர் படிக்குமா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

டிஸ்க்கில் ஏற்றும்போதும் அப்புறமும் கவனிக்க வேண்டியவை:

1. பைலை அப்படியே டிஸ்க்கில் இழுத்துப் போட்டால் கம்ப்யூட்டரில் தெரியும், பல பழைய பிளேயர்களில் ஓடாது. ‘டி.வி.டி. வீடியோ’ என்ற முறையில்தான் ஏற்ற வேண்டும். கடையில் கொடுத்தாலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

2. கடைசியில் ‘ஃபைனலைஸ்’ என்பதைச் செய்து மூட வேண்டும். மூடாத டிஸ்க்கை அடுத்த வீட்டுப் பிளேயர் படிக்காது.

3. அவசரப்பட்டு உச்ச வேகத்தில் எழுதாதீர்கள். நாங்கள் 8 மடங்கு வேகத்தில் எழுதினோம். எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிளேயரில் போட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தையும் பாருங்கள். கோளாறு இருந்தால் பெரும்பாலும் விளிம்பில்தான், அதாவது படத்தின் கடைசியில்தான் இருக்கும்.

4. டிஸ்க்கை விளிம்பில் பிடியுங்கள். துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தோசைக்கல் துடைப்பது போல வட்டமாகத் துடைக்கக் கூடாது.

5. மேல் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். டிஸ்க்குக்கென்று விற்கும் மிருதுவான பேனா உண்டு. காகித லேபிள் ஒட்ட வேண்டாம். நாளடைவில் உப்பி, சுழலும்போது ஆடும்.

6. வெயில் படாமல், பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். இந்த டிஸ்க்குகளில் பதிவு இருப்பது ஒரு சாயப் பூச்சில். சாயம் வெயிலுக்கு ஆகாது என்று நமக்கா தெரியாது?

7. டிஸ்க் பார்ப்பதற்கு. பாதுகாப்புக்கு அந்தப் பெரிய 40 ஜிபி பதிவைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள். கேசட்டையும் எறியாதீர்கள். நாங்கள் மூன்றையும் வைத்திருக்கிறோம்.

அத்தைக்காக இன்னும் இரண்டு காரியம் செய்தோம். படம் தொடங்குமுன் வரும் ‘மெனு’ என்ற பக்கமே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். தட்டை உள்ளே தள்ளினால் நாதஸ்வரம் தானாகவே ஆரம்பித்துவிடும். அடுத்து, படத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தோம்: மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ஆசீர்வாதம், பந்தி, நலங்கு. ரிமோட்டில் ‘அடுத்தது’ பொத்தானை நாலு தடவை அழுத்தினால் நேராகப் பந்தி. அந்தப் பொத்தான் மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன். விரல் பட்டாலே தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் அத்தையிடம் டிஸ்க்கைக் கொடுத்து, பொட்டைத் தடவிக் காட்டி, “நாலு தடவை அழுத்துங்க அத்தை, பந்தி வந்துரும்” என்றேன்.

“நீ போய் வேலையைப் பாரு. நான் பார்த்துக்கறேன்” என்றார்.

அடுப்படியிலிருந்து காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் ஆரம்பித்தது. அத்தை பொட்டை அழுத்தவே இல்லை. மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், தாலி கட்டுவது, எல்லாம் வரிசையாக வந்தன. காபி கொண்டுபோய்க் கொடுத்து, “ஏன் அத்தை, பந்திக்குப் போகலாமே?” என்றேன்.

“தாலி கட்டாம சாப்பாட்டுக்குப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

அந்த இடம் வந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். “ஏய், நீ சாப்பிட்டியா?” “ஆச்சு, ஆச்சு, நீங்க அங்க பாருங்க.”

அத்தை சிரித்தார். “பொய்யி. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல. கடைசிப் பந்தி முடிஞ்சு நாலு மணிக்கு ரெண்டு வாய் மோர்சாதம். அவ்வளவு பேர் கூட்டத்துல என்னைக் கேட்டது அவர் ஒருத்தர்தான்.”

கொஞ்ச நேரம் கழித்து, டி.வி.யைப் பார்த்தபடியே, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று என்னைக் கேட்டார். மணி மூன்றரை. நானும் “ஆச்சு அத்தை” என்றேன். அதுவும் பொய்தான்!

சகோதரிகளே, உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். நாடா இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும், பிளேயர் அதற்கு முன்பே கிடைக்காமல் போய்விடும். இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். டிஸ்க்கில் இடம் போதாது என்று யாராவது சொன்னால், எதை வெட்டலாம் என்று கேட்காதீர்கள். விநாடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். இருக்கிற சம்பளத்தில் முப்பது நாளையும் ஓட்டுகிறவர்கள் நாம். மூன்று மணி நேரத்தை ஒரு டிஸ்க்கில் ஓட்ட முடியாதா என்ன?